டீச்சர் வயசுள்ள சைக்கிள்

பாறசாலை ரயில் நிலையத்துக்குப் பின்னால் மரகதவல்லி டீச்சர் தன் வீட்டில் தையல் வகுப்பு நடத்தினார். அங்கே சேரும் பெண்கள் நாங்கள் காஜா எடுக்கப் படிக்கும் முன்பே ஒரு சைக்கிளின் கதையைப் படித்துவிடுவோம். டீச்சர் பிறந்த சந்தோஷத்தில், அன்றைக்கே அவருடைய அப்பா நெய்யாற்றின்கரையில் புத்தம் புதிதாக வாங்கி ஓட்டிவந்த இங்கிலீஷ் வண்டி அது. கல்யாணமானபோது டீச்சரோடு வந்துவிட்டது. இப்போது தையல் மெஷின்களுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றது.

இந்தக் கதையை டீச்சரைவிட அதிகம் சொன்னவர் அவர் கணவர் நீலகண்டன். சாலைச் சந்திப்பில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்தார். டீச்சரோடு எந்த வாக்குவாதம் வந்தாலும் ஒரே வரியில் முடித்துவிடுவார்.

"உன்னவிட மூணு ஓணம் கூடுதல் உண்டவனாக்கும் நான்."

அயிலை மீன் நல்லதா கெட்டதா, மழை வருமா வராதா, எல்லாம் அந்த வரியோடு தீர்ந்துவிடும். டீச்சர் மெஷினை வேகமாக மிதிப்பார்.

உண்மையில் டீச்சர்தான் அவரைவிட இரண்டு வயது மூத்தவர். நல்ல வரன் கைவிட்டுப் போகக் கூடாதென்று தாய்மாமன் ஜாதகத்தில் ஐந்து வருஷத்தைக் குறைத்துவிட்டார். நாற்பத்தேழில் பிறந்த டீச்சர், கல்யாணமாகி இருபத்தைந்து வருஷமாக ஐம்பத்திரண்டில் பிறந்தவராக வாழ்ந்துவந்தார். எங்களுக்கு இதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

தொண்ணூற்றேழில் ஒரு நாள், பக்கத்துக் கடைத் தங்கப்பன் நீலகண்டனைச் சீண்டினார். "அண்ணா, அது இங்கிலீஷ் வண்டியொண்ணும் இல்ல. லூதியானா சரக்காக்கும்."

நீலகண்டனுக்குச் சோறு இறங்கவில்லை. அதியன்னூரில் பழைய சைக்கிள்மேல் பைத்தியமாக இருந்த சிவபிரசாத் என்ற பாங்க்காரருக்குச் சொல்லி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பதில் வந்தது. பின்சக்கரத்தின் நடுக்குடத்தில் வண்டி செய்த வருஷம் கொத்தியிருக்கும், துடைத்து வையுங்கள் என்றும் சொல்லியிருந்தார்.

டீச்சரின் கால் மெஷின் மிதியிலிருந்து நழுவியது.

சனிக்கிழமை வகுப்பில் அவர் ஒரு டப்பாவை எடுத்து வந்தார். வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளிப் பெயிண்டு. "விருந்தாளி வாறாருல்லா. வண்டிய கொஞ்சம் மினுக்கி வைப்போம். சுஜா, அந்தக் குடத்துல நல்ல கனத்துல அடி மக்கா."

சுஜாவும் மூன்று கோட்டு அடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சிவபிரசாத் வந்தார். வேடிக்கை பார்க்கத் தங்கப்பனும் வந்தார். நாங்களும் வந்துவிட்டோம்; திடீரென்று எல்லோருக்கும் தைக்க வேலை இருந்தது.

சிவபிரசாத் குனிந்து, முன்பக்கத்துப் பித்தளைத் தகட்டை விரலால் தேய்த்தார். "கொக்குத்தலை உண்டு. இங்கிலீஷ் ராலிதான். மூணு ஸ்பீடு, கம்பி பிரேக்கு. லூதியானா ஏழு கடலுக்கு அப்புறம் நிக்குது."

நீலகண்டன் தங்கப்பனைப் பார்த்தார். தங்கப்பன் கூரையைப் பார்த்தார்.

அடுத்து குடத்துக்கு வந்த சிவபிரசாத்தின் முகம் மாறியது. "இதுல ஆரு பெயிண்டு அடிச்சது?"

"பிள்ளைகளுக்கு என்ன தெரியும் சார்," என்றார் டீச்சர். சுஜா ஊசியில் நூல் கோர்ப்பதில் மூழ்கினாள்.

"அப்பம் அனுமானமா ஐம்பதுக்கு மேலன்னு வச்சுக்கலாம்."

"ஐம்பத்திரண்டுதான் சார்," என்றார் டீச்சர். "அது போதும்."

தப்பித்துவிட்டார். நீலகண்டன் மட்டும் அப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

"நீ மிண்டாத, சும்மா இரு," என்றார் அவர். "இது அதுக்கும் முந்தின வண்டி. இவளவிட மூணு ஓணம் கூடுதல் உண்டவனாக்கும் சார் நான். இவளுக்கு என்ன தெரியும்?"

தங்கப்பன் சிரித்தார். சிவபிரசாத்தும் மரியாதைக்குச் சிரித்தார்.

டீச்சர் எழுந்து உள்ளே போனார். மண்ணெண்ணெய்ப் புட்டியும் வெட்டுத்துணியுமாகத் திரும்பி வந்து, சைக்கிள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தார். நேற்றைய பெயிண்டு ஆனதால் சுலபமாக வந்தது.

"வாசியுங்க சார்."

சிவபிரசாத் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "நாப்பத்தேழு."

"கேட்டியா தங்கப்பா," என்று நீலகண்டன் தொடையில் தட்டினார். "சொன்னேம்லா, முந்தினதுன்னு. நாப்பத்தேழு."

தங்கப்பன் தாடையைச் சொறிந்தார். "அது சரி அண்ணா. சேச்சி பிறந்த அன்னைக்கு வாங்கின வண்டின்னுல்லா நீங்க சொல்லுவீங்க?"

தொடையில் தட்டிய கை அங்கேயே இருந்தது. நீலகண்டன் மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பினார்.

"ஆமா," என்றார் டீச்சர், துணியில் கையைத் துடைத்துக்கொண்டே. "அப்பா பொய் சொல்லமாட்டாவ. மாமா சொல்லுவாவ." பிறகு என் பக்கத்து ஸ்டூலில் சாவகாசமாக உட்கார்ந்தார். "மக்கா நீலகண்டா, உள்ள போய் எல்லாருக்கும் சாயா போட்டுட்டு வா."

நீலகண்டன் போனார். சாயாவில் சீனி இல்லை. யாரும் கேட்கவில்லை.

ஓணக் கணக்கு அதன்பிறகு அந்த வீட்டில் எழவே இல்லை. அடுத்த வாரம் நாங்கள் வகுப்புக்குப் போனபோது, சைக்கிளின் குடம் மறுபடியும் வெள்ளியாக மின்னியது. சுஜா சத்தியம் செய்தாள், அவள் அடிக்கவில்லை. டீச்சர் பெயிண்டு டப்பாவைத் திறந்து பார்த்தார். அது காலி.

கடையில் யாராவது கேட்டால் நீலகண்டன் இப்போது ஒரே பதில்தான் சொல்கிறார். "ஐம்பத்திரண்டு மாடலாக்கும்."