காலை நிலவு நின்ற காரணம்

மழையில் நனைந்த கிடுகு ஓலையின் வாசம் இன்று ஓர் உணவகக் கூரையிலிருந்து இறங்கியபோது, வல்வெட்டித்துறைக் கடலோரத்தில் முன்பிருந்த எங்கள் டியூட்டரிக் கொட்டிலுக்குள், ஓலை இடுக்கால் சிந்தும் வெயிலும் வாங்குப் பலகைகளில் பிசுபிசுக்கும் உப்புக்காற்றுமாக, மறுபடியும் போய் உட்கார்ந்துவிட்டேன். இப்போது அங்கே வெறும் மதில்தான்.

சனி காலைகளில் இலக்கிய வகுப்பு. இயல்பாக நடக்கும் ஒன்றுக்குப் புலவர் தன் மனத்திலிருந்து ஒரு காரணத்தை ஏற்றிச் சொன்னால் அது தற்குறிப்பேற்ற அணி என்று படித்த நாளிலிருந்து எங்களுக்கு அதே பைத்தியம். காகம் கரைந்தாலும் வேலி சரிந்தாலும் யாராவது ஒரு காரணம் சொல்ல, மற்றவர்கள் "தற்குறிப்பேற்றம்!" என்று கத்துவோம்.

ஒரு சனிக்கிழமை யாரும் கத்தவில்லை. என் பக்கத்தில் இருக்கும் வசந்தியின் அப்பா முதல்நாள் கடலுக்குப் போனவர், காற்று எழும்பியும் திரும்பவில்லை. அவளுடைய அம்மா கொட்டில் வாசலில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறிய பிறகுதான் படகு வந்தது. இடுப்பில் ஈரச் சாரத்தோடு கரையேறியவரைக் கண்டு அம்மா அழவில்லை; மேற்கே வெளுத்துக் கிடந்த நிலவைக் காட்டினார்.

"இஞ்சாருங்கோ, அந்த நிலவைப் பாருங்கோ. விடிஞ்சும் போகேல்லை. நீங்கள் வாறமட்டும் காவல் நிண்டது."

கொட்டில் முழுவதற்கும் அந்த அணியின் பெயர் தெரியும். ஆனாலும் வசந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"உது அணி இல்லையடி," என்றாள்.