விளக்கில் மீந்த எண்ணெய்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். சாமி காரியத்தைக் குறை சொன்ன பாவம் வந்துவிடுமோ என்ற பயம்தான். மாமியார் காலமான பிறகும் கை வரவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் காரமடைப் பக்கம் தோட்டத்தில் குடியிருந்தோம். என் அப்பா சீராகக் கொடுத்த பசு, கிடேரிக் கன்று ஈன்ற கையோடு செத்துப்போனது. கன்றுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றி வளர்த்தேன். மழையில்லாத வருஷம், பச்சைப்புல் கண்ணில் படவில்லை.

பிள்ளையார் கோயில் விளக்குகளைத் துலக்குவது எங்கள் வீட்டு முறை. மீந்த எண்ணெயைக் கால்படும் இடத்தில் கொட்டக் கூடாது என்று மாமியார் டின்னில் சேர்த்துவைப்பார். மாதக்கணக்கில் கிடந்து சிக்குவாடை அடிக்கும். அதைத்தான் கன்றின் கஞ்சியில் ஊற்றினார்.

"நாறுதுங்க அத்தை" என்றேன்.

"சாமி எண்ணெய் நாறுதா உனக்கு? உங்கூட்டுல இதெல்லாம் பழக்கமில்லையாக்கும்!"

கொஞ்ச நாளில் கன்று படுத்துவிட்டது. ஈறு வெளுத்து, மூத்திரம் காப்பித்தண்ணியாகப் போனது. மாட்டு டாக்டர் வந்து கஞ்சியை மோந்து பார்த்தார்.

"ஏனுங்கம்மா, கெட்ட எண்ணெய் வைட்டமின் ஈ சத்தை அழிச்சுப்போடுமுங்க. பச்சைத் தீவனமும் இல்லை. அந்தச் சத்து இல்லீன்னா ரத்தத்துல செவப்பணு ஒடைஞ்சு மூத்திரத்துல போயிருமுங்க. இனி ஒரு சொட்டு ஊத்தாதீங்க."

மாமியாரும் பக்கத்தில்தான் நின்றார். டாக்டர் ஊசி போட்டு, குதிரைமசால் பசுந்தீவனம் தரச் சொன்னார். எங்கெங்கோ அலைந்து வாங்கிவந்தேன். கன்று எழுந்து நின்றது. பிள்ளையார் முன் விழுந்து அழுதேன்.

அந்த நிம்மதியில் அம்மா வீட்டு விசேஷத்துக்குப் போனேன். திரும்பி வந்தால் கன்று மறுபடி படுத்துக் கிடக்கிறது.

"காப்பாத்துனது சாமி. அவரு எண்ணெயை நிறுத்துனா கோவிச்சுக்க மாட்டாரா?" என்றார் மாமியார். நன்றிக்காக, முன்னைவிட அதிகமாகவே ஊற்றியிருந்தார். இந்தத் தடவை ஊசி கேட்கவில்லை.

விசாரிக்க வந்தவர்களிடம் அவர் சொன்னார்: "தாயும் போச்சு, கன்னும் போச்சு. இவ கைராசி அப்படி, என்னத்தைச் சொல்றது அம்மணி!"

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அதன்பிறகு மாடு ஈன்ற வீட்டுக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை.

இன்றும் தினமும் விளக்குப் போடுகிறேன். பிள்ளையார் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் எந்தக் கன்றுக்கும் எண்ணெய் ஊற்றச் சொல்லவில்லை. கன்று வளர்ப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள், நடந்தபடியே சொல்லுங்கள். கடைசியில் அத்தை "என் தப்புதான் கண்ணு" என்று சொன்னதாக மட்டும் சேர்த்துவிடாதீர்கள். அவர் சொல்லவே இல்லை. எனக்கும் இன்னும் ஆறவில்லை.