அவித்த நண்டும் அறுபது அலைகளும்

டைல்ஸில் படம் வரைந்து விற்கிறவளிடம் எல்லோரும் முதலில் கேட்பது, "கழுவினா அழியுமா?" என்பதுதான். கைத்தொழிலில் பிழைக்கும் உங்களுக்கும் இப்படி ஒரு கேள்வி வாய்த்திருக்கும், பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.

முதல் சூளை

சுனாமிக்கு அடுத்த வருடம், அண்ணன் முறையில் நான் 'நானா' என்று கூப்பிடும் காத்தான்குடி சலீமும் நானும் ஆரையம்பதியில் பட்டறை தொடங்கினோம். நான் வரைவேன், அவர் சுடுவார். எங்கும் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஊர் அழகை வரைந்தால் விற்கும் என்று நம்பி, ஒரு முழுச் சமையலறைச் சுவருக்கு அறுபது டைல்ஸ் வரைந்தேன். அறுபதிலும் கடல் அலை! என் புத்தியை என்ன சொல்ல?

செட்டிபாளையம் மலர் அக்கா கடலுக்கு வீட்டைப் பறிகொடுத்து, புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தவர். டைல்ஸ் பெட்டியை நான் திறந்து காட்டியதும் இரண்டடி பின்னால் போனார்.

"கடலக் கொண்டுவந்து என்ட குசினிக்குள்ள ஒட்டப் போறியா, புள்ள?"

வாவிக்கு மாறினேன்

அலைப் பெட்டி மூலைக்குப் போனது. அடுத்த சூளையும் விற்காவிட்டால் பட்டறையை மூடுவது என்று நானாவும் நானும் பேசி வைத்தோம். இந்த முறை ஊரை ஒட்டிய உப்பங்கழி, எங்கள் வாவி: கரையில் கண்டல் மரங்கள், ஓரத்தில் பன்புல் பாயின் பின்னல், நடுவில் செக்கச்செவேல் என்று ஒரு கொழுத்த நண்டு. மாதிரிக்குச் சுட்ட முதல் டைலை, வாவியில் வலை வீசும் ஒருவர் தூக்கி வெகுநேரம் பார்த்தார். மயங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

"இதென்ன தங்கச்சி, அவிச்ச நண்ட வாவிக்குள்ள விட்டிருக்கிறீங்க?"

உயிர் நண்டு

நண்டைச் சட்டியில் மட்டுமே உற்றுப் பார்த்தவள் நான். மறுநாளே சந்தையில் உயிர் நண்டு வாங்கி, வாளியில் விட்டு, கரும்பச்சையில் வரைந்தேன். அந்தச் சூளை ஒரு கிழமையில் விற்றுத் தீர்ந்தது. பட்டறை பிழைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நானா மட்டும் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரைஞ்சு முடிஞ்சுதானே, கறிக்குக் குடுங்க."

மூலையில் கிடந்த பெட்டி

உள்நாட்டுச் சண்டை முடிந்து பாதைகள் திறந்தன. வெளியூர்க்காரரும் தேடிவந்து வாங்கினார்கள். ஒருநாள் மலர் அக்கா வந்தார். நண்டுகளைத் தாண்டி நேரே மூலைக்குப் போய், அந்த அலைப் பெட்டியைக் கேட்டார். வாசல் சுவருக்காம். "வேணாமக்கா" என்று நான் தடுத்தும் கேட்கவில்லை. நானாவே போய் அறுபதையும் ஒட்டினார். தெருவே கூடிப் பார்த்தது. அக்கா இடுப்பில் கைவைத்து, தன் சுவரை அண்ணாந்து பார்த்தார். எனக்குப் பெருமையில் அழுகையே வந்துவிட்டது.

"இனி கடல் நான் வெச்ச இடத்தில நிக்கட்டும்!"

இத்தனை வருடத்தில், கழுவினால் அழியுமா என்று கேட்காமல் வாங்கிப்போன ஒரே ஆள், கடல் வீட்டையே கழுவிக்கொண்டுபோன மலர் அக்காதான்.