முந்தைய நிலையம்

சுரங்க ரயில் ஓட்டுகிறவளுக்கு வாய் சும்மா இருக்காது; வேலையே அப்படி. சிக்னலைப் பார்த்தால் விரலை நீட்டி "பச்சை" என்று உரக்கச் சொல்ல வேண்டும். கதவு மூடியதும் நடைமேடையைக் காட்டும் திரையைப் பார்த்து, கைகாட்டி, "கதவு சரி" என்று சொன்ன பிறகுதான் வண்டியைக் கிளப்பலாம். வருடக்கணக்கில் செய்து செய்து அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. அணைத்த அடுப்புக்கும் விரல் நீட்டுவாள். அடுப்பு எப்போது புறப்படும் என்று கணவன் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டான்.

அன்று மகளுக்குக் காய்ச்சல். நாத்தனாரிடம் விட்டுவிட்டு அரைமனதோடுதான் வந்தாள். ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது. மருந்தைக் கக்கியிருப்பாளோ, காய்ச்சல் ஏறியிருக்குமோ என்று நினைத்துக்கொண்டே வந்தவள், மார்க்கெட் நிலையத்தில் வண்டி நின்றதும் திடுக்கிட்டாள். முந்தைய நிலையமான ஆஸ்பத்திரி எங்கே போனது? அங்கே கதவு மூடியதைப் பார்த்தாளா? எதுவும் நினைவில் இல்லை.

அங்கே ஏறுகிறவர்களில் பாதிப் பேர் தடி ஊன்றி வருகிறவர்கள். மெல்லிய துணி கதவில் சிக்கினால் எச்சரிக்கை விளக்கு எரியாது, கண்ணால் பார்த்தால்தான் உண்டு. வாயை மூடிக்கொண்டு போனால் ஈ காக்காய்க்கும் தெரியாது. சொன்னால் விசாரணை வரும். ஏற்கெனவே ஒருமுறை எச்சரிக்கை வாங்கியவள்; வேலைக்கே வேட்டு வைத்துக்கொள்வதுபோலத்தான். ஆனாலும் கட்டுப்பாட்டு அறையை அழைத்தாள்.

"சார், போன ஸ்டேஷன்ல கதவப் பாத்தேனான்னு ஞாபகம் இல்ல. கேமராவப் பாருங்க. அதுவரைக்கும் வண்டிய எடுக்க மாட்டேன்."

பார்த்துச் சொல்வதாக அதிகாரி சொன்னார். பெட்டிகளில் சலசலப்பு கிளம்பியது. யாரோ அவள் அறைக் கதவைத் தட்டினார்கள். பெற்றவளாக வீட்டிலும் இல்லை, ஓட்டுநராக இங்கேயும் இல்லை என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

ஒருவழியாக அதிகாரியின் குரல் கேட்டது. யாரும் எதிலும் சிக்கவில்லையாம். ஓட்டுநர் அறைக் கேமராவிலும் பார்த்துவிட்டாராம். திரைப் பக்கம் திரும்பி, விரலை நீட்டி, "கதவு சரி" என்று அவள் சொல்லியிருக்கிறாளாம். குறை ஒன்றும் இல்லை, கிளப்பலாம் என்றார்.

போன உயிர் திரும்பி வந்தது. கைப்பிடியைப் பிடித்தாள். பிடித்த கையை மெல்ல எடுத்துவிட்டாள்.

"கை நீட்டியிருக்கேன் சார், வாயும் சொல்லியிருக்கு. ஆனா நான் பாக்கல. வேற ஆள அனுப்புங்க."