குமுதாவின் ஐ.சி.

கல்யாணமான மறுவாரமே குமுதாவின் அடையாள அட்டையை முகுந்தன் வாங்கி வைத்துக்கொண்டான்.

"நீ எதையாச்சும் எங்கயாச்சும் வச்சிட்டு மறந்துடுவ. ஐ.சி. என்கிட்ட இருக்கட்டும்" என்றான். அப்போது அது அக்கறையாகத்தான் தெரிந்தது.

கிள்ளானுக்கு வடக்கே மேருவில் குடியிருந்தார்கள். அவன் லோரி ஓட்டினான். அவளுக்கு பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலை. கிளினிக், பேங்க், எங்கே போனாலும் அவனும் கூடப் போவான். ஐ.சி. அவன் பர்ஸிலிருந்து வெளியே வந்து கவுண்ட்டரில் முகத்தைக் காட்டிவிட்டு மறுபடி உள்ளே போய்விடும். நித்யா பிறந்த பிறகு குழந்தையின் பிறப்புப் பத்திரமும் அவனுடைய இரும்பு அலமாரிக்குள் போனது.

அடி எப்போது தொடங்கியது என்று யாராவது கேட்டால் அவளுக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. ரசம் ஆறிப்போனதற்கு ஒரு நாள். சூப்பர்வைசர் போன் செய்ததற்கு ஒரு நாள். நித்யாவுக்கு எட்டு வயதானபோது, அப்பாவின் லோரிச் சத்தம் கேட்டதும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் புத்தகத்தோடு உட்காரப் பழகியிருந்தாள். அதைப் பார்த்த அன்றுதான் குமுதா கடல் தாண்டிச் சரவாக்கின் கூச்சிங்கில் தாதியாக இருக்கும் அக்கா லெட்சுமியை அழைத்தாள்.

"புள்ளைய தூக்கிட்டு இங்க வந்துடு. டிக்கெட் நான் போடுறேன்" என்றாள் லெட்சுமி.

"ஐ.சி. அவர்கிட்ட இருக்குக்கா."

"தொலைஞ்சிடுச்சுன்னு ரிப்போர்ட் போட்டு புதுசு எடு லா."

வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு போலீஸ் நிலையத்துக்குப் போனாள். எங்கே தொலைந்தது என்று பெண் போலீஸ் மலாயில் கேட்டாள். பாசாரில், காய்கறி வாங்கும்போது என்றாள் குமுதா. அந்தப் பெண்ணின் கண் குமுதாவின் மணிக்கட்டில் கன்றியிருந்த நீலத் தடத்தின் மேல் சற்று நின்றது. "வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டாள். குமுதா தலையாட்டி மறுத்தாள். பதிவிலாகாவில் கட்டைவிரல் ரேகை பதிந்து புது அட்டை வாங்கி அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தாள்.

முகுந்தன் ஜொகூருக்குச் சரக்கு ஏற்றிப் போன காலையில், நித்யாவுக்குப் பள்ளிச் சீருடை போடாமல் கவுன் மாட்டி, ஒரே ஒரு பையோடு சிப்பாங் விமான நிலையத்துக்குப் போனாள். ஏறும் வாசலில் அட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவள் தமிழ்ப்பெண்.

"ஆன்டி, பாப்பாவோட பெர்த் செர்ட் எங்க?"

குமுதா போனில் இருந்த படத்தைக் காட்டினாள். பள்ளியில் சேர்த்தபோது எடுத்தது. குழந்தைக்கு இது போதும் என்றே நினைத்திருந்தாள்.

"படம் முடியாது ஆன்டி. ஒரிஜினல் வேணும். சரவாக்ல இறங்குனாலும் கேப்பாங்க."

"வீட்ல இருக்கும்மா."

"அப்பாவ கொண்டு வரச் சொல்லுங்க. கொஞ்சம் டைம் இருக்கு."

"அப்பாவுக்கு நாங்க வந்தது தெரியாதுக்கா" என்றாள் நித்யா.

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. உள்ளே போய் மேலதிகாரியிடம் பேசிவிட்டுத் திரும்பி வந்தாள். "சாரி ஆன்டி. நீங்க மட்டும்னா ஏறலாம்."

பின்னால் நின்றவர்கள் நகர்ந்து முன்னால் போனார்கள். குமுதா மகளை இழுத்துக்கொண்டு வரிசையை விட்டு விலகினாள்.

"வீட்டுக்குப் போகாத" என்று போனில் லெட்சுமி கெஞ்சினாள். ஆனால் அவன் திரும்புவதற்குள் வீட்டில் இருந்துவிட்டால் எதுவும் தெரியாது, பதிவிலாகாவில் குழந்தையின் பத்திரத்துக்கு முத்திரையிட்ட நகல் வாங்கிக்கொண்டு இன்னொரு நாள் கிளம்பலாம் என்று குமுதாவுக்குத் தோன்றியது. வீட்டுக்குப் போய் உலை வைத்தாள்.

நித்யா ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று வகுப்பு ஆசிரியை அப்பாவின் போனுக்குச் செய்தி அனுப்பியிருந்தார். முகுந்தன் வந்ததும் மகளைத்தான் கேட்டான். காய்ச்சல் என்றாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு குமுதாவின் பையைக் கொட்டினான். புது அட்டை கிடைத்தது.

கத்தவில்லை. தகரம் வெட்டும் கத்தரியை எடுத்து அட்டையை இரண்டாக வெட்டிக் குப்பையில் போட்டான். அப்புறம் குமுதாவின் இடது காதோடு சேர்த்து அறைந்தான். அவள் சுவரில் மோதி விழுந்தாள். மறுபடி எழுந்தபோது அந்தக் காதில் நித்யாவின் அழுகை கேட்கவில்லை.

மறுநாள் அவன் லோரி கிளம்பியதும், குப்பையிலிருந்து இரண்டு துண்டுகளையும் பொறுக்கிக்கொண்டு, மகளோடு அதே போலீஸ் நிலையத்துக்குப் போனாள். அதே பெண் போலீஸ் இருந்தாள். துண்டுகளை மேசைமேல் வைத்தாள்.

"இது தொலையவில்லை. என் கணவர் வெட்டினார். பழைய அட்டையும் தொலையவில்லை. அன்றைக்கு நான் பொய் சொன்னேன்."

பொய் ரிப்போர்ட் போட்டதற்குத் தன்னைப் பிடித்து உள்ளே வைப்பார்கள், பிள்ளை அவனிடம் போய்விடும் என்ற பயத்தோடுதான் அதைச் சொன்னாள். அந்தப் பெண் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள். வெகுநேரம் தட்டச்சு செய்தாள். பிறகு மருத்துவமனைக்கு அனுப்பினாள். அங்கிருந்து பெட்டாலிங் ஜெயாவில் பெண்களுக்கான ஒரு காப்பகத்துக்குப் போனார்கள். லெட்சுமி பறந்து வந்தாள். பதிவிலாகாவில் நித்யாவின் பிறப்புப் பத்திரத்துக்கு நகல் கிடைத்தது. குமுதாவுக்கு மூன்றாவது அட்டையும் வந்தது. மூவருமாகக் கூச்சிங் போய்ச் சேர்ந்தார்கள்.

அதோடு முடியவில்லை. மகளைத் திருடிக்கொண்டு போய்விட்டாள் என்று முகுந்தன் வழக்குப் போட்டிருக்கிறான். வழக்கின் ஒவ்வொரு தவணைக்கும் குமுதா தனியாகப் பறந்து வருகிறாள். கிள்ளானில் அவளுக்கு இப்போது வீடு இல்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு மலிவு விடுதியில் தங்கி, காலையில் நீதிமன்றத்துக்குப் போகிறாள். தாழ்வாரத்தில் எதிர் பெஞ்சில் அவன் சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருப்பான். போன தடவை அவன் வழக்கறிஞர் அவளுடைய முதல் ரிப்போர்ட்டை வாசித்துவிட்டு, "பொய் சொல்லிப் பழக்கப்பட்டவர் நீங்கள், அப்படித்தானே?" என்று கேட்டார்.

வழக்கை இன்னொரு தேதிக்குத் தள்ளிவைத்தார்கள்.

இடது காதுக்குக் கேட்கும் சக்தி திரும்பவில்லை. விமான நிலைய அறிவிப்புகள் அவளுக்குத் தெளிவாக விழுவதில்லை. அதனால் ஏறும் வாசலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, மற்றவர்கள் எழும்போது தானும் எழுந்துகொள்கிறாள்.