யூசுப் பாயின் நீண்ட இடையிசை

காலையில் குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது ராஜேஸ்வரியின் அழைப்பு வந்தது. தருமபுரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் என்னோடு ஆபரேட்டராக இருந்தவள் அவள். வழக்கமாக ஹலோ சொல்லி, சௌக்கியம் கேட்டு, மழை பெய்ததா என்றும் கேட்ட பிறகுதான் விஷயத்துக்கு வருவாள். அன்று ஹலோகூட இல்லை. "கோமதி, உங்க ஆளு போயிட்டாருடி" என்றாள். யார் என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்குள் 'உங்க ஆளு' என்றால் வெள்ளிமின்னல் இன்னிசைக் குழுவின் கிதார்க்காரர் யூசுப் பாய். 'எங்க ஆளு' என்று அவள் சொல்வது அதே குழுவின் பாடகர் கடத்தூர் மாணிக்கத்தை. இத்தனை வருடம் கழித்து, ஒரு சாவுச் செய்தியிலும் அவள் கட்சி மாறவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அந்தக் குழுவைக் கேட்டவர்கள்தான். எண்பதுகளில் எங்கள் பக்கம் மாரியம்மன் பண்டிகையோ கல்யாண வரவேற்போ, மஞ்சள் சட்டைக்காரர்கள் மேடையில் நின்றால் அது வெள்ளிமின்னல். வாசித்ததெல்லாம் சினிமாப் பாட்டுதான். அதே பாட்டை ரேடியோவில் படுத்துக்கொண்டே கேட்கலாம். பிறகு எதற்கு அடித்துப்பிடித்து பஸ் ஏறிப் போனோம் என்றால், சண்டை பார்க்கத்தான். மாணிக்கத்தின் குரலும் பாயின் கிதாரும் ஒரே பாட்டுக்குள் மல்லுக்கட்டும். ஊரே இரண்டாகப் பிரிந்து நின்று வேடிக்கை பார்த்தது.

மாணிக்கம் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. மஞ்சளிலேயே பட்டுச் சட்டை, படிய வாரிய தலை, ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் சபைக்கு ஒரு பெரிய கும்பிடு. பாய் பகலில் கல்யாணச் சீருக்குத் தகரப் பெட்டி செய்பவர். தகரம் கிழித்த விரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு மேடையேறுவார். கும்பிடுவதில்லை, சிரிப்பதில்லை, யாரையும் பார்ப்பதில்லை. மாணிக்கத்தின் ரசிகர்கள் இதைத் தலைக்கனம் என்றார்கள். எங்களுக்கு அதுதான் பிடித்தது. பெண்களுக்கு மேடையின் இடது பக்கம் இடம் ஒதுக்குவார்கள், கிதார் நிற்பதும் அந்தப் பக்கம்தான். நாங்கள் விசில் அடித்தால் ஊர் பேசும் என்பதால் உள்ளங்கை சிவக்கக் கைதட்டுவோம். என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, எதிர்க்கட்சிக்குக் கைதட்டுவாள் ராஜேஸ்வரி.

ஒருமுறை ஒரு கமிட்டிக்காரர் நோட்டீஸ் அடித்தார். 'கடத்தூர் குயில் மாணிக்கம்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே பொடி எழுத்தில் 'மற்றும் குழுவினர்' என்று போட்டிருந்தார். பாய் அதை நிதானமாகப் படித்துவிட்டு, "மத்தும்னு ஒருத்தன் நம்ம குழுவுல இருக்கானா? எனக்குத் தெரியாம எப்பங்க சேத்தீங்க?" என்று கேட்டாராம். அன்று மேடையில் பல்லவி முடிந்து வரும் இடையிசையை, ரெக்கார்டில் உள்ளபடி வாசித்து முடித்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. சொந்தமாக வாசித்துக்கொண்டே போனார். குயில் மைக்கைப் பிடித்தபடி காத்து நின்றது. முறுக்கு வாங்கிக்கொண்டிருந்தவர்கள்கூடக் காசை நீட்டியபடியே திரும்பிப் பார்த்தார்கள். நானும் அப்படி ஒரு கிதாரை அதற்குமுன் கேட்டதில்லை.

அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. ஆனால் குழு ஒன்றுதானே, எந்த ஊர், எந்தப் பாட்டு, எத்தனை மணிக்கு வேன் என்று பேசித்தானே ஆக வேண்டும்? பாய் தன் கடையிலிருந்து கடத்தூர் உரக்கடைக்கு டிரங்க் கால் பதிவு செய்வார். உரக்கடைக்காரர் மாணிக்கத்தைக் கூப்பிட்டு வருவார். நான் இரண்டு லைனையும் சேர்த்து, "பேசுங்க" என்பேன். பாய், "மேடம், ஞாயித்துக்கெழம மூணு மணிக்கு வேன் வரும்னு அவங்கிட்ட சொல்லுங்க" என்பார். அது மாணிக்கத்துக்கு நன்றாகவே கேட்கும். இருந்தாலும் நான் சொல்லும்வரை காத்திருந்து, "ஆவட்டும்னு சொல்லுங்க மேடம்" என்பார். ஒருவர் மூச்சு விடுவது மற்றவருக்குக் கேட்கும் தூரத்தில், நடுவில் நான் ஒருத்தி கிளிப்பிள்ளை வேலை பார்த்தேன். பக்கத்து நாற்காலியில் ராஜேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

ஒகேனக்கல்லில் ஆடிப்பெருக்குக் கச்சேரி. அதற்கு முந்தைய நாள் பாய் பேசியது மட்டும் வேறு மாதிரி இருந்தது. "நாளைக்கு எந்தப் பாட்டுலயும் நானா நிறுத்த மாட்டேன். அவன் மைக்க எடுத்தாத்தான் நிறுத்துவேன். சொல்லிடுங்க." இதைவிடப் பெரிய சவால் உண்டா? எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அப்படியே சொன்னேன். மாணிக்கம் சீறுவார் என்று பார்த்தால், "செரிங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். ராஜேஸ்வரிக்கு ஆத்திரம். கடத்தூரில் இருந்த தன் அண்ணனுக்குச் சேதி சொல்லிவிட்டாள். பாய் கங்கணம் கட்டிக்கொண்டு வருகிறார் என்று மறுநாள் மாணிக்கத்தின் ரசிகர்கள் ஒரு பஸ் நிறைய வந்து இறங்கினார்கள்.

பரிசல் துறைக்கு மேலே மேடை. அருவியின் சாரல் காற்றில் ஈரமாக வந்துகொண்டிருந்தது, கூடவே மீன் வறுக்கும் வாசனை. மாணிக்கம் முதல் பாட்டின் பல்லவியைப் பாடிவிட்டுப் பின்னால் திரும்பினார். முன்னால் இருந்த ஆண்களுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. பக்கவாட்டில் இருந்த எங்களுக்கு எல்லாம் தெரிந்தது. ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குப் பின்னால் போய், இரண்டு கையையும் அதன்மேல் ஊன்றிக் குனிந்தார். விலா எலும்பு ஏறி இறங்கியது. மீன் தரையில் கிடந்து வாயைத் திறப்பதுபோல் திறந்தார். யாரையும் பார்க்காத யூசுப் பாய் அவரையே பார்த்துக்கொண்டு வாசித்தார். மாணிக்கம் நிமிர்ந்து, வாயைத் துடைத்து, மைக்கை எடுத்தார். அந்த நொடியே கிதார் நின்றது.

ஒவ்வொரு பாட்டிலும் இதேதான் நடந்தது. முன்னால் கூச்சல் ஏறியது. "பாட வுடுடா! எறங்குடா கீழ!" மீன் தின்ற இலையை யாரோ சுருட்டி எறிந்தார்கள். அது கிதார்மேல் விழுந்தது. பாய் முழங்கையால் தள்ளிவிட்டு வாசித்தார். என் ஆட்கள் அதை வெற்றி என்று நினைத்து இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. ராஜேஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். திரும்பும் பஸ்ஸில் பென்னாகரம் தாண்டும்போது அவள் சொன்னாள். "அது சவால் இல்லடி கோமதி."

கச்சேரியைக் கெடுத்தவர் என்று பாய்க்குப் பெயர் வந்தது. அடுத்துக் கடத்தூர்ப் பண்டிகை. கிதார்க்காரர் இல்லாமல் வந்தால்தான் கச்சேரி என்று கமிட்டி கறாராகச் சொல்லிவிட்டது. மாணிக்கம் உண்மையைச் சொன்னால் மூச்சு இழுப்பு உள்ள பாடகனை எந்த ஊரும் கூப்பிடாது. சொல்லாவிட்டால் பாய் வெளியே. அன்று பாய் டிரங்க் கால் போட்டார். "அவன் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லுங்க மேடம். நான் பொட்டி அடிச்சுப் பொழச்சுக்குவேன். பாட்ட வுட்டா அவனுக்கு வேற என்ன தெரியும்?" மறுமுனையில் மூச்சின் விசில் சத்தம் எனக்கே கேட்டது. "ஆவட்டும்னு சொல்லுங்க" என்றார் மாணிக்கம்.

கடத்தூரில் பாயின் இடத்தில் சேலத்திலிருந்து வந்த ஒருவர் நின்றார். வெளுத்த சட்டை போட்ட யூசுப் பாய் கூட்டத்துக்குப் பின்னால் சோடாக் கடை ஓரமாக நிற்பதை ராஜேஸ்வரிதான் எனக்குக் காட்டினாள். மாணிக்கம் பல்லவியைப் பாடினார். சேலத்துக்காரர் இடையிசையை ரெக்கார்டில் இருப்பதுபோல அப்பழுக்கில்லாமல் வாசித்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினார். மாணிக்கத்தால் வாய் திறக்க முடியவில்லை. தபேலா மட்டும் தட்டிக்கொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றது. சொந்த ஊர் முழுக்க அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைவிடக் கொடுமையான ஓர் அமைதியை நான் அனுபவித்ததில்லை.

மைக்கிலேயே சொன்னார். "எனக்கு மூச்சு... வாங்குதுங்க. சித்தேரி மலைக்குக் கச்சேரிக்குப் போனப்ப... பனியில புடிச்சுது. பாய் இழுத்து வாசிச்சதெல்லாம்... எனக்கோசரந்தான். அவரு வந்தாத்தான் நான் பாடுவேன்." எல்லாத் தலையும் திரும்பியது. பாய் சோடாக் கடையிலிருந்து வந்த வேகத்தைப் பார்த்து, அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். மேடையேறி, சேலத்துக்காரரிடம் கிதாரை வாங்கி, மாணிக்கத்தைத் திரும்பியும் பார்க்காமல் வாசிக்க ஆரம்பித்தார். முதன்முறையாக இரண்டு கட்சியும் சேர்ந்து கைதட்டின. அன்று ராஜேஸ்வரி அழுதாள், நானும் அழுதேன்.

மறுநாள் எக்ஸ்சேஞ்சுக்குப் பாயின் போன் வந்தது. நெகிழ்ச்சியாக ஏதாவது சொல்வார் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். "மானத்த வாங்கிட்டான் மேடம். அத்தனை பேரு முன்னாடி என்னைய நல்லவனாக்கிட்டான். இனிமே அவனுக்காக ஒரு கம்பியக்கூட தொட மாட்டேன்னு சொல்லிடுங்க." அடுத்த கச்சேரியில் வழக்கம்போல் தொட்டார். சில ஊர்கள் கைவிட்டன, சில ஊர்கள் அந்த நீண்ட இடையிசையைக் கேட்பதற்கென்றே கூப்பிட்டன. குழு இன்னும் பல வருடம் வாசித்தது. அவர்கள் இருவரும் மட்டும் கடைசிவரை பேசிக்கொள்ளவில்லை. நேரடியாக நம்பர் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. வந்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும், இனி இந்த இரண்டு பேரும் யார் வழியாகப் பேசுவார்கள் என்று கவலையாக இருந்தது.

என் கல்யாணத்துக்குப் பெட்டி சொல்லப் போனபோது கடையில் வைத்து அவரிடம் கேட்டேன். "ஏன் பாய், அவ்வளவு செய்றீங்க, ஒரு வார்த்த பேசினா என்ன?" தகரத்தை மடக்கிக்கொண்டே சொன்னார். "மொதல்ல திமிருக்குத்தான் இழுத்தேன் மேடம். சித்தேரியில அவன் மூச்சுக்குத் தவிச்சதப் பாத்தப்பறந்தான் அவனுக்காக இழுத்தேன். அதுக்காக அவன எனக்குப் புடிக்கும்னு நெனச்சுக்காதீங்க. அந்தக் கும்புடும் பட்டுச் சட்டையும், ஆவவே ஆவாது எனக்கு." சுத்தியலை எடுத்தார். "புடிக்காதுங்கறதுக்காக மேடையில வுட்டுட்டு வர முடியுமா?" பிறகு, பெட்டிக்குப் பச்சைப் பெயிண்டா சிவப்பா என்று கேட்டார்.

இப்படி ஒரு மனிதரை நான் பிறகு பார்க்கவில்லை. நண்பனுக்காக விட்டுக்கொடுப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நட்பே வேண்டாம் என்று தானே ஒதுக்கிய ஒருவனுக்காகத் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டு, எச்சில் இலையை முழங்கையால் தள்ளிவிட்டு, வாசித்துக்கொண்டே இருந்தவர் இவர் ஒருவர்தான். எக்ஸ்சேஞ்சில் என் வேலையும் அவரால் மாறியது. லைனில் சாவுச் செய்தி கேட்டு யாராவது பேச்சற்றுப் போனால், "லைன்ல இரைச்சலா இருக்குங்க, கொஞ்சம் இருங்க" என்று நானாகக் குறுக்கே புகுந்து ஏதாவது பேசுவேன். வையப் போகிறார்கள் என்று தெரிந்தேதான் பேசுவேன். பலர் வைதும் இருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதும் நிகழ்ச்சிக்கு நானும் ராஜேஸ்வரியும் பாயின் வீட்டுக்குப் போனோம். வாசலில் பந்தல் போட்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். குழுவில் மிஞ்சியவர்கள், பழைய ரசிகர்கள், தெருக்காரர்கள் என்று நல்ல கூட்டம். மாணிக்கத்தை யாரோ பேசச் சொன்னார்கள். தலை நரைத்து, உடம்பு பாதியாகி, கம்பை ஊன்றி எழுந்தார். "யூசுப்பு எனக்கு..." என்று ஆரம்பித்தவர் அங்கேயே நின்றுவிட்டார். மூச்சு மேலே ஏறிச் சிக்கிக்கொண்டது. எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். வாசிக்க ஆள் இல்லை.

நான் எழுந்து நின்றேன். "ஏங்க, இந்த பாய் என் கல்யாணத்துக்கு ஒரு பொட்டி செஞ்சு குடுத்தாரு பாருங்க, இன்னி வரைக்கும் அது ஒரு வாட்டியாவது ஒழுங்கா பூட்டுச்சா?" என்று சத்தமாகக் கேட்டேன். பந்தல் முழுக்க என் பக்கம் திரும்பியது. சாவு வீட்டில் வந்து பேசுகிற பேச்சா இது என்று ஒரு பெரியவர் முறைத்தார். ராஜேஸ்வரி சட்டென்று எழுந்து, "எனக்குச் செஞ்ச பொட்டிய மட்டும் என்னவாம், தொறக்கவே தொறக்காது" என்று சேர்ந்துகொண்டாள். அவள் பாயிடம் பெட்டியே வாங்கியதில்லை. கீல், பூட்டு, பெயிண்ட் என்று வாய்க்கு வந்ததைப் பேசினோம். உள்ளே பாயின் மனைவி அழுகையின் நடுவே சிரிப்பது கேட்டது. மாணிக்கத்தின் தோள் மெல்ல இறங்கியது. அவர் நிமிர்ந்ததும் நான் நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன்.

"யூசுப்ப எனக்குப் புடிக்கவே புடிக்காதுங்க" என்றார் மாணிக்கம். "அவனில்லாம ஒரு பாட்டையும் நான் முழுசாப் பாடினதில்ல."

பெரியவர் கிளம்பும்போதும் என்னை முறைத்துவிட்டுத்தான் போனார். முறைக்கட்டும். ஒருவர் மூச்சுக்குத் தவிக்கும்போது ஊர்ப் பார்வையை நம் பக்கம் இழுத்துக்கொள்ள வேண்டும், அவரை நமக்குப் பிடித்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. யூசுப் பாயிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பது இதுதான்.