இரண்டு வல்மேராக்கள்

வல்மேரா என்ற குடும்பப் பெயர் மட்டக்களப்பில் எங்களுக்கு மட்டும்தான் என்று பெருமையடித்துத் திரிந்தவன் நான். போன வருடம் மகள் விரும்பிய மாங்கேணிப் பொடியனும் வல்மேராவாம். ஒரே இரத்தம், சரிவராது என்று மறுத்துவிட்டேன்.

"கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்திட்டுச் சொல்லுங்கப்பா" என்றாள்.

பங்குக் குருவான சுவாமியிடம் கேட்டுப் புரட்டினோம். பொடியனின் பூட்டன் வளர்ந்தபின் ஞானஸ்நானம் பெற்ற மீனவர். ஞானத்தகப்பனின் பெயரைத் தன் பெயராக்கியிருந்தார்.

"நான் சொன்னேன்தானே, வல்மேரா நாங்கள் மட்டும்தான்; அவங்கட பெயர் இரவல் எடுத்த பெயர்!" என்றேன்.

அடுத்த பக்கத்தில் என் பூட்டன். அதே ஞானத்தகப்பன், அதே கதை. அந்த அசல் வல்மேரா கல்யாணமே கட்டாதவர் என்றார் சுவாமி.

இப்போது பெயரை வைத்து யாரையும் சொந்தமென்றோ அந்நியமென்றோ சொல்வதில்லை; முதலில் பதிவேட்டைப் பார்க்கிறேன். அந்தப் பொடியனோடு நடந்த கல்யாணத்துக்குப் பிறகு மகளுக்குப் பெயர் மாற்றும் வேலையும் இருக்கவில்லை.